ரத்தினம்மா கல்லுக்கு மேற்கே

தங்கவயலில் அந்நாளில் வழி சொல்பவர்கள் தெருப்பெயர் சொல்வதில்லை. தெருக்களுக்குப் பெயரே கிடையாது. 'பெரிய புகைபோக்கிக்குக் கீழே', 'வெள்ளைக் கோயிலைத் தாண்டி', 'மணியடிக்கிற ஆபீசுக்கு எதிரே' என்று கண்ணுக்குத் தெரிந்ததைக் காட்டி அனுப்பினார்கள். அப்படிக் காட்டப்பட்டவற்றுள் மிகச் சிறியது, முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு கருங்கல். ஆனால் அதற்கு மட்டும் பெயர் இருந்தது. ரத்தினம்மா கல்.

தலையில் மூட்டையும் கையில் செருப்புமாக வந்த புதியவன் ஒருவன், யாரென்று அறியாமல் அந்த ரத்தினம்மாவிடமே வழி கேட்டான்.

"எம்மா, ரத்தினம்மா கல்லு எங்கம்மா கீது? அங்க நின்னா மேஸ்திரி வந்து வேலைக்கு இட்டுனு போவாராம்."

"நேரா போ. சுண்ணாம்பு அடிச்சி வெள்ளையா நிக்கும். ஆனா அது பொய்க்கல்லு."

"கல்லுல இன்னாம்மா பொய்யி?"

"போய்யா, போ. சங்கு ஊதிடப் போவுது."

அவன் நான்கு எட்டு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அதற்குள் அவள் வேறு பக்கம் நடந்துகொண்டிருந்தாள். அந்த ஆண்டு முழுவதும் அவளை நடக்கிறவளாகத்தான் ஊர் பார்த்தது.

ரத்தினம்மாவின் கணவன் காத்தவராயன் குடியாத்தத்திற்கு அருகே கிணறு வெட்டும் குடும்பத்தில் பிறந்தவன். மழை பொய்த்த ஓர் ஆண்டில் கங்காணி ஒருவன் பின்னால் இருவரும் தங்கவயலுக்கு வந்தார்கள். அவன் பூமிக்கு அடியில் பாறையில் துளை போடும் வேலைக்குப் போனான். அவள் மேலே, மில்லில், உடைத்த கல்லைப் பொறுக்கிப் பிரிக்கும் வேலைக்குப் போனாள். மூங்கில் தட்டியால் அடைத்த ஓர் அறை கிடைத்தது. ஒவ்வொரு ஷிப்டுக்கும் அவள் சுரங்க வாய்வரை அவனுடன் நடந்து போவாள். கூண்டுபோல் இருந்த கேஜில் ஏறுமுன் அவன் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஊட்டுக்குப் போ" என்பான். வேறொன்றும் சொல்வதில்லை. கேஜ் இறங்கும்.

ஒரு பகல் ஷிப்டில், அடியில் லெவல் என்று அவர்கள் சொல்லும் சுரங்கத் தளம் ஒன்றில் பாறை வெடித்துச் சரிந்தது. மேலே வீடுகளில் தொங்கிய உறிகள் ஆடின. ஏறி வந்தவர்களில் காத்தவராயன் இல்லை. சரிந்ததைத் தோண்டப் போனால் இன்னும் பலர் போய்விடுவார்கள் என்று அந்த லெவலின் வாயைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்து அடைத்துவிட்டார்கள். ஆகவே அவனுக்குப் பாடை இல்லை, குழி இல்லை.

மூன்றாம் நாள் பால் தெளிக்க வேண்டும். காத்தவராயனின் தம்பி கோவிந்தன் பால் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தான்.

"எங்க அண்ணி ஊத்தறது?"

"கெணத்துல உயுந்தவனுக்கு எங்கடா ஊத்துவாங்க? கெணத்து மேட்டுல ஊத்துவாங்க. ஷாஃப்டாண்ட வா."

வேலிக்குள் விடவில்லை. வேலியை ஒட்டி வெளியே, சுரங்க வாய்க்கு நேராக ஓரிடத்தை அவள் காட்டினாள். உடைத்துப் போட்ட பாறைக் குவியலிலிருந்து ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்துத் தானே தலையில் சுமந்து வந்து நட்டாள். பால் அதன்மேல் வழிந்தது. கணவனுக்கு நேர் மேலே நிற்கிறோம் என்ற நிம்மதி ஒன்றாவது அவளுக்குக் கிடைத்தது.

கல்லின் பெயர் பரவ நாளாகவில்லை. பெருமாள் என்பவர் அதன் பக்கத்தில் கீற்றுப் பந்தல் போட்டு, போண்டாவும் சுக்குத் தண்ணீரும் விற்றார். இருட்டு ஷிப்டுக்கு வருகிறவர்கள் இடறி விழாமலிருக்க அவரே கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தார். மேஸ்திரிகள் அங்கே நின்று ஆள் எடுத்தார்கள். ஊரிலிருந்து வருகிறவர்களிடம், "ரத்தினம்மா கல்லாண்ட நில்லு, வரேன்" என்று சொல்லியனுப்பினார்கள்.

சிவராத்திரிக்கு மறுநாள் மயானக்கொள்ளை. அன்று வடஆற்காட்டு மக்கள் எல்லாரும் சுடுகாட்டுக்குப் போய்த் தங்கள் வீட்டுக் குழிமேட்டைக் கூட்டி மெழுகி, செத்தவருக்குப் பிடித்ததைப் படைப்பார்கள். ரத்தினம்மா மட்டும் கொழுக்கட்டையும் அவித்த கொள்ளும் சுருட்டும் எடுத்துக்கொண்டு கல்லடிக்கு வருவாள். மூன்றாம் ஆண்டு அப்படி அவள் உட்கார்ந்திருந்தபோதுதான் மாணிக்கராஜ் போண்டா வாங்க வந்தான்.

மாணிக்கராஜ் சர்வே ஆபீசில் அளவுச் சங்கிலி பிடிக்கிறவன். மாதா கோயிலில் பாட்டுப் பாடுகிறவன். வாய் சும்மா இராதவன்.

"இன்னாக்கா, சுருட்டெல்லாம் பலமா கீது? யாருக்கு?"

"என் ஊட்டுக்காரருக்கு. கீழதான படுத்துனுகீறாரு."

"இந்த ஷாஃப்டுலயா? எந்த லெவலு?"

அவள் சொன்னாள். அவன் போண்டாவைக் கடித்தபடியே, யோசிக்காமல் சொல்லிவிட்டான்.

"அப்ப இங்க எங்கக்கா இருப்பாரு? அது மேக்கால ரொம்ப தூரம் போயிடுச்சே."

"எது போயிடுச்சி?"

"ஷாஃப்டு இன்னா கெணறா, நேரா எறங்க? தங்கம் ஓடற பாறை சாஞ்சினு போவுது. அது பின்னாடியே ஷாஃப்டும் சாஞ்சினு போவுது. கீழ போவப் போவ மேக்கால தள்ளிக்கினே போவும். இங்க நேர் கீழ தோண்டினா வெறும் பாறைதான்."

பெருமாள் கரண்டியை எண்ணெயிலேயே விட்டுவிட்டு அவனைப் பார்த்தார். மாணிக்கராஜ் மீதிப் போண்டாவை இலையிலேயே வைத்துவிட்டான்.

"அப்போ இவ்ளோ நாளா நான் யாருக்குப் படைச்சினு இருந்தேன்?" என்று கேட்டாள் ரத்தினம்மா.

அவள் படையலை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, வேலியைச் சுற்றிக்கொண்டு மேற்கே பார்த்து நடந்தாள். எதிரே வீட்டுக் கூரைகளும் மாட்டுவண்டிப் பாதையும் மண்மேடுகளும் கிடந்தன. அவற்றில் ஏதோ ஒன்றுக்குக் கீழே காத்தவராயன் இருக்கலாம். எதற்குக் கீழேயும் இல்லாமலும் இருக்கலாம்.

அடியில் வேலை செய்தவர்களுக்குத் கேஜ் ஓடும் தண்டவாளம் சாய்ந்து இறங்குவது தெரியாமலில்லை. தலைக்கு மேலே எந்த வீடு வருகிறது என்று அங்கே எவரும் நினைத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். ரத்தினம்மா கேட்கத் தொடங்கிய பிறகு ஆளுக்கொரு திசை சொன்னார்கள். ஒருவர் வண்டிப்பேட்டை என்றார், மற்றொருவர் நீர்த்தொட்டி என்றார். கோவிந்தன் நாளும் அந்தச் சுரங்கத்தில் இறங்குகிறவன்; அவன் கூரையைப் பார்த்துவிட்டு, "கீழ போனா கெழக்கு எது, மேக்கு எதுன்னு எனக்கே தெரியல அண்ணி" என்றான்.

அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மில்லில் கல் பொறுக்கும்போது கை நின்றுவிடும், மேஸ்திரி அதட்டுவான். ஷிப்டு முடிவில் அடியில் வெடி வைக்கும்போது தரை லேசாக அதிரும். முன்பெல்லாம் மற்றவர்களைப்போல் அதைக் கவனியாமல் இருந்தவள், இப்போது தெருவில் நின்றுவிடுவாள். அதிர்வு எந்தப் பக்கத்திலிருந்து காலுக்கு வருகிறது என்று பார்ப்பாள். நான்கு பக்கத்திலிருந்தும் வருவதுபோல் இருக்கும். சோறு வடித்தால் ஆறும்வரை பொறுக்க மாட்டாள். அடுத்த மயானக்கொள்ளைக்குள் கணவன் கிடக்கிற இடம் தெரிந்தாக வேண்டும், கல்லைப் பிடுங்கி அங்கே நட்டாக வேண்டும் என்பதுதான் அவளுக்கு நினைவெல்லாம்.

மாணிக்கராஜை அவள் விடவில்லை. ஆபீஸ் வாசலில் நிற்பாள். கோயில் வாசலில் நிற்பாள்.

"அக்கா, பாட்டு நடுவுல எட்டிப் பாக்காதக்கா. பாதிரியாரு நீ ஞானஸ்நானத்துக்கு வந்துகீறன்னு நெனைச்சினு கீறாரு."

"நெனைச்சிக்கட்டும். எடத்தச் சொல்லு, போறேன்."

"துரைகிட்டத்தான் கேக்கணும். நான் சங்கிலி புடிக்கிறவன். கணக்குப் போடறவன் இல்ல."

"சொன்னது நீ. கேக்கறதும் நீயே கேளு."

மழைக்காலம் முழுவதும் அவன் தட்டிக் கழித்தான். மார்கழியில் ஒரு நாள் எப்படியோ வாய் திறந்து கேட்டுவிட்டான். சர்வேயர் துரை வரைபடத்தை விரித்துப் பார்த்தாராம். பிறகு சுரங்க வாயிலிருந்து எந்தத் திசையில் எவ்வளவு தூரம் என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை சங்கிலியை எடுத்துப்போகவும் விட்டாராம்.

அந்த ஞாயிறு, பூசை முடிந்ததும் அளவு தொடங்கிற்று. சங்கிலியின் பின் முனையை ரத்தினம்மாவே பிடித்தாள். முன் முனையை இழுத்துக்கொண்டு மாணிக்கராஜ் நேர்கோட்டில் போனான். நேர்கோடு எவருக்காகவும் விலகுவதில்லை. வரிசை வீடுகளுக்கிடையே போயிற்று. துணி உலர்த்தியிருந்த கயிற்றுக்கு அடியில் போயிற்று. ஆடுபுலி ஆடிக்கொண்டிருந்தவர்களின் கட்டத்தின் நடுவே போயிற்று.

"ஏய், புலியத் தூக்காத! யாருக்குடா அளக்கறீங்க?"

"உன் ஊட்ட இடிக்க" என்றான் மாணிக்கராஜ்.

"இடிச்சிட்டு நல்லதா ஒண்ணு கட்டிக் குடு. மழையில ஒயுவுது."

ஒவ்வொரு தடவை முனையைத் தரையில் ஊன்றும்போதும், இது இல்லை, இன்னும் மேற்கே, இன்னும் மேற்கே என்று ரத்தினம்மாவின் மனம் முந்திக்கொண்டு ஓடிற்று. கடைசியில் மாணிக்கராஜ் ஒரு தட்டி வீட்டின் சுவரில் முட்டிக்கொண்டு நின்றான்.

"இந்த ஊட்டுக்குள்ள வருதுக்கா."

அது லூயிசாவின் வீடு. பிள்ளைப்பேறு பார்ப்பதில் பெயர் பெற்றவள். மாணிக்கராஜ் பாடும் கோயிலுக்கே போகிறவள். கணவனை இழந்து தனியே இருப்பவள். சங்கிலி அவளுடைய வாசலில் நுழைந்து அடுப்படியில் போய் முடிந்தது. கையில் அகப்பையுடன் அவள் எழுந்தாள்.

"டேய் மாணிக்கம், இன்னாடா இது, என் கொயம்புச் சட்டிய அளக்கற?"

அவன் விவரம் சொன்னான். லூயிசா அடுப்பைப் பார்த்தாள். பிறகு ரத்தினம்மாவைப் பார்த்தாள்.

"என் அடுப்புக்குக் கீழயா?"

"இந்த ஊடு, இல்லாட்டி பக்கத்து ஊடு அத்தை. துரை சொன்னதுல கொஞ்சம் முன்னபின்ன இருக்கும்."

"பக்கத்து ஊட்டுல குடிகாரன் கீறான். இங்கியே இருக்கட்டும்" என்றாள் லூயிசா.

"உனக்குப் பயமா இல்லியா அத்தை?" என்று ரத்தினம்மா மெல்லக் கேட்டாள்.

"எதுக்குடி பயம்? இந்த ஊர்ல எந்த ஊட்டுக்குக் கீழ ஆளு இல்ல? உசுரோட கீறவங்க வெடி வெச்சிதான் என் சட்டி ஒடையுது. இவரு ஒண்ணும் ஒடைக்கலியே."

ரத்தினம்மா அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து தரையில் உள்ளங்கையை வைத்தாள். அடுப்புச் சூட்டில் தரை வெதுவெதுப்பாக இருந்தது. அவள் அழவில்லை. எழுந்து, "கல்ல இங்க கொண்டாந்துடறேன்" என்றாள்.

"கல்லா? ஊட்டுக்குள்ளயா?" லூயிசா அகப்பையை ஆட்டினாள். "வாசல்ல நட்டுக்கோ. ஆனா கற்பூரம் கொளுத்தி, படையல் வெச்சி, அதெல்லாம் கூடாது. பாதிரியாரு வந்து கேட்டா நான் இன்னா சொல்றது?"

"முதல்ல கல்லு வரட்டும்" என்று சொல்லிவிட்டு ரத்தினம்மா போய்விட்டாள்.

மாசி பிறந்தது. சிவராத்திரிக்கு முந்தைய நாள் காலையில் அவள் கோவிந்தனைக் கடப்பாரையுடன் அழைத்துக்கொண்டு கல்லடிக்குப் போனாள். செய்தி அவளுக்கு முன்பே போயிருந்தது. பெருமாள் கடையை விட்டு இறங்கி வந்தார்.

"ரத்தினம்மா, இது நல்லாயில்லம்மா. இந்தக் கல்லு இல்லன்னா என் கடைக்கு யாரு வருவாங்க? ஊர்லருந்து வர்றவன் எங்க நிப்பான்?"

"உன் போண்டா வாசனையே போதும், வருவாங்க. கோவிந்தா, குத்து."

கோவிந்தன் கடப்பாரையை ஓங்கினான். ஓங்கியது இறங்கவில்லை. கூட்டத்திலிருந்து கிருஷ்ணம்மா வந்து கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டாள். இவள் கணவனும் அதே சுரங்கத்தில், மற்றொரு சரிவில், மேலே வராமலே போனவன். ஓராண்டாக இவளும் இந்தக் கல்லுக்குத்தான் பால் வார்த்து வந்தாள். ரத்தினம்மாவுக்கு அது தெரியும், தடுத்ததில்லை.

"எயுந்திரு கிருஷ்ணம்மா."

"எயுந்திருக்க மாட்டேன். குத்தறதுன்னா என்மேலயே குத்தச் சொல்லு."

"இது நான் தலைமேல சொமந்து வந்த கல்லுடி."

"சொமந்தது நீதான். ஆனா உனக்கு சங்கிலி புடிச்சிக் காட்ட ஆளு கீது. என் ஆளு எங்கெங்க சிதறிக் கெடக்கறாருன்னு துரைக்கே தெரியாது. நான் எந்த ஊட்டு அடுப்புல போயி தேட?"

"இங்க நேர் கீழ யாருமே இல்ல. வெறும் பாறை. நீ பாறைக்குத்தான் பால் ஊத்தற."

"இருக்கட்டும். நான் என் ஆளக் கடைசியா எங்க பாத்தேன்? இங்க. இந்த எடத்துல நின்னுதான் தலைப்பாவக் கட்டினாரு. இங்கருந்துதான் போனாரு. கீழ மேக்கால போனாரா கெழக்கால போனாரா, அது அவரு வேல. எனக்கு இந்த எடந்தான் தெரியும்." கிருஷ்ணம்மா மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஏன், உன் ஊட்டுக்காரரு எங்க நின்னு வெத்தலையத் துப்புவாரு? லூயிசாக்கா அடுப்புலயா?"

கூட்டத்தில் ஒருவன் சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

ரத்தினம்மா வேலிக்கு உள்ளே பார்த்தாள். பகல் ஷிப்டு இறங்கிக்கொண்டிருந்தது. கேஜில் ஏறுமுன் ஆட்கள் வெற்றிலையைத் துப்பினார்கள். 'ஊட்டுக்குப் போ' என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. கேஜ் இறங்கியது. கம்பி வடம் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

"அண்ணி, குத்தட்டுமா வேணாமா? கை வலிக்குது" என்றான் கோவிந்தன்.

"எறக்கு" என்றாள் அவள்.

பெருமாள் ஓடிப்போய் எல்லாருக்கும் சுக்குத் தண்ணீர் ஊற்றினார். ரத்தினம்மா குடிக்கவில்லை. கல்லை எடுக்க முடியவில்லை. எடுக்காமலும் இருக்க முடியவில்லை. அன்றும் மறுநாளும் அவள் கல்லுக்கும் லூயிசா வீட்டுக்கும் இடையே போவதும் வருவதுமாக இருந்தாள். சிவராத்திரிக்கு ஊரே விழித்திருந்ததால், அவள் விழித்திருந்தது எவர் கண்ணுக்கும் படவில்லை.

மயானக்கொள்ளையன்று பொழுது விடிந்ததும் அரிசி மாவும் கொள்ளும் சுருட்டும் முறத்தில் எடுத்துக்கொண்டு லூயிசாவின் வாசலில் வந்து நின்றாள்.

"அத்தை, படையல் வைக்கல. கற்பூரம் கொளுத்தல."

"பின்ன இன்னாத்துக்கு வந்த?"

"உன் அடுப்புல கொஞ்சம் ஆக்கிக்கட்டுமா? என் அடுப்பு புகையுது."

லூயிசா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ரத்தினம்மாவின் அடுப்பு புகைவதாக அதற்குமுன் எவரும் கேள்விப்பட்டதில்லை.

"ஆக்கறதுக்குப் பாதிரியாரக் கேக்கணுமா இன்னா?" என்றாள் லூயிசா. "ஆக்கு. வெறகு மட்டும் உன்னுது. சுருட்ட வாசல்லயே வெச்சிட்டு வா."

கொழுக்கட்டை வெந்தது; கொள்ளு கொதித்தது. ஆவி கூரைவரை எழுந்து தரைக்கே திரும்பி வந்தது. ரத்தினம்மா அடுப்பைவிட்டு நகரவில்லை. அப்போது அடியில் வெடி வைத்தார்கள். பலகைமேலிருந்த சட்டிகள் ஒன்றோடொன்று மோதி நடுங்கின. லூயிசா ஒரு கையால் சட்டிகளைப் பிடித்துக்கொண்டாள். ரத்தினம்மா இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் வைத்துக்கொண்டாள். அதிர்வு இப்போதும் நான்கு பக்கத்திலிருந்தும்தான் வந்தது. ஆனால் அவள் இந்த முறை திசை பார்க்கவில்லை. அது அடங்கும்வரை கையை எடுக்காமல் இருந்தாள்.

லூயிசாவுக்கு ஒரு பங்கு எடுத்து வைத்தாள். மீதியை முறத்தில் வைத்து மூடிக்கொண்டு எழுந்தாள்.

"எங்கடி கெளம்பிட்ட? இவ்ளோ அலைஞ்சி கண்டுபுடிச்ச எடம். செத்த நேரம் ஒக்காரேன்."

"கல்லாண்ட கிருஷ்ணம்மா தனியா ஒக்காந்துனு இருப்பா அத்தை. இத அங்க குடுத்துட்டு வரேன்."

"திரும்பி வருவியா?"

"வருவேன். அப்புறம் போவேன்."

சங்கிலி போன நேர்கோட்டிலேயே அவள் நடந்தாள். வரிசை வீடுகளுக்கிடையே, துணிக் கயிற்றுக்கு அடியில், ஆடுபுலிக் கட்டத்தைச் சுற்றிக்கொண்டு. காத்தவராயன் அடியில் சாய்ந்து சாய்ந்து இறங்கிய வழிக்கு மேலே அவள் சமதரையில் எதிர்த்திசையில் போனாள். அன்றும் போனாள், அதன்பின் ஒவ்வொரு மாசியிலும், மாசி அல்லாத நாள்களிலும் போனாள். கணவன் கிடக்கும் இடம் தெரிந்தால் கால் ஓயும் என்று அவள் நினைத்திருந்தாள். கால் ஓயவில்லை. போகுமிடம் மட்டும் இரண்டாயிற்று.

பாதி வழியில் தலையில் மூட்டையுடன் ஒருவன் எதிர்ப்பட்டான். ஆம்பூர்ப் பக்கத்துப் பேச்சு.

"எம்மா, ரத்தினம்மா கல்லு எந்தப் பக்கம்மா?"

அவள் நடையை நிறுத்தாமலே முறத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"எல்லாரும் எறங்கற எடந்தான். வா, நானும் அங்கதான் போறேன்."